ஆள் தங்கல் இல்லை

தனுஷ்கோடிக்குக் கையெழுத்து அழகு. காட்டிலாகாவில் அவரைப் போல நோட்டு எழுத ஆள் கிடையாது என்று வந்த ரேஞ்சர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். சிவப்பு மையில் கோடு போடுவார். நீல மையில் எழுதுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தக் கையெழுத்தில் ஒரே ஒரு வரியை இருபத்திரண்டு வருஷம் தினமும் எழுதினார்.

‘மாலை ஆறு மணி. தாவளம் பார்வையிடப்பட்டது. ஆள் தங்கல் இல்லை.’

அதை எழுதும்போது அவர் தாவளத்துக்குள்தான் உட்கார்ந்திருப்பார். வெள்ளைத்தாய் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

தாவளம் என்பது ஈச்சங்கானல் ஓடைக்கு மேலே, மலையடிவாரத்தில் நிற்கும் கல்வீடு. முன்னால் மாட்டுத்தொழு. பின்னால் இரண்டு அறை, ஒரு அடுப்படி. வெள்ளைத்தாயின் வீட்டுக்காரன் பெத்தணனுடைய தாத்தாவுக்கு அப்பா கட்டியது. சொந்த ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். கரிசல். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் இல்லை. பெய்யாத வருஷங்களில் மாடுகளை மேற்கே ஓட்டி வந்தார்கள். வந்தவர்களில் ஒரு குடும்பம் மாடுகளோடு மேலேயே இருந்துவிட்டது. பெத்தணன் அந்த வீட்டில்தான் பிறந்தான். கல்யாணமான மறுவாரம் வெள்ளைத்தாயும் ஒரு பெட்டியோடு மலையேறினாள்.

அரை மைல் கீழே காட்டிலாகா கார்டு தங்கும் குவார்ட்டர்ஸ். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கல் சுவர், தேக்குத் தூண், சீமை ஓடு. குளிர்காய ஒரு கணப்பும் அதற்கு ஒரு புகைபோக்கியும் இருந்தன. இந்த வெயிலில் அதை எதற்குக் கட்டினான் என்று யாருக்கும் தெரியவில்லை. புகைபோக்கிக்குள் ஆந்தை குடியிருந்தது.

காடு சரணாலயமான பிறகு, பொழுது சாய்ந்தால் மேலே யாரும் தங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தனுஷ்கோடிக்கு முந்தி இருந்த கார்டு மாதம் ஒருமுறை வந்து சட்டி பானையை வெளியே தூக்கிப் போடுவார். அவர் போனதும் வெள்ளைத்தாய் அவற்றை எடுத்து உள்ளே வைப்பாள். பிறகு அவர் மாற்றலாகிப் போய்த் தனுஷ்கோடி வந்தார். சாத்தூர்க்காரர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். சமைக்கத் தெரியாது. மூன்றாம் நாள் பெத்தணன் அவரைச் சாப்பிடக் கூட்டி வந்தான். ஒரு மாதம் கழித்து அவரிடம் ஒரு உதவி கேட்டான். எங்களை நோட்டில் எழுதாதீர்கள், அது போதும் என்றான்.

தனுஷ்கோடி யோசித்தார். தாவளத்துக்கென்று நோட்டில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை வெறுமையாக விட முடியாது என்றார். பிறகு, இல்லை என்று எழுதிவிடுகிறேன் என்றார்.

அன்றைக்கு வெள்ளைத்தாய் அவருக்கு முட்டை பொரித்துப் போட்டாள். அவளைவிட ஒரு வயது சின்னவர். தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர் அவளை மதினி என்றார்.

பெத்தணனுக்கு அந்த வரியைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். தினமும் வாசிக்கச் சொல்வான்.

“ஆள் தங்கல் இல்லேன்னா இந்தப் புளிக்குழம்பு யாருய்யா வச்சது?” என்பான்.

“பேய்தான் அண்ணாச்சி,” என்பார் தனுஷ்கோடி, வரிக்குக் கீழே கோடு இழுத்தபடி. “நல்லா வைக்குது.”

இடையில் இரண்டு முறை மாற்றல் வந்தது. இரண்டு முறையும் கெஞ்சிக் கேட்டு ரத்து செய்ய வைத்து, ஈச்சங்கானலிலேயே இருந்துவிட்டார். பெத்தணன் மாடு பத்தப் போன இடத்தில் நெஞ்சடைத்து விழுந்தபோது, பாடையில் முன்னால் ஒரு தோள் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு மாலையும் நோட்டு எழுதினார். வெள்ளைத்தாய் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. அந்த வரி இருந்ததால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ரிட்டயரான பிறகும் வாரத்துக்கு ஒருமுறை வருவார். கீழே ஊரில் வீடு எடுத்திருந்தார்.

அப்புறம் காடு புலிகள் காப்பகம் ஆனது. வெளியேற வேண்டியவர்கள் பட்டியல் ஒன்று வரும் என்றார்கள். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் அதற்கு ஆதாரம் காட்டினால், இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்றும் சொன்னார்கள். வெள்ளைத்தாயின் மகன் அருள்பாண்டி சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மனு எழுதினான். எழுதும்போதே, கீழே வந்துவிடம்மா என்றும் சொன்னான். சிவகாசியில் அவன் இருப்பது மாடி வீடு. வெள்ளைத்தாயிடம் பதினொரு மாடு இருந்தது. வெம்பக்கோட்டைக் கரிசலையோ, கொழுந்தன்மார் பட்டாசு கம்பெனிக்கு விட்டுவிட்டார்கள். அங்கே இப்போது வரிசை வரிசையாக மருந்து அறைகள். மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்டாள். அவன் மனுவை மடித்துப் பையில் வைத்தான்.

மனு போட்ட மாதத்தில் பிரீத்திகா வந்தாள். சிவகாசிப் பெண். தாத்தா சீனிவாசகத்துக்குக் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி. பேத்தி கட்டடக்கலை படித்துவிட்டு, காப்பகத்துக்குள் இருக்கும் பழைய கட்டடங்களை அளந்து அறிக்கை தரும் வேலையை எடுத்திருந்தாள். கார்டு குவார்ட்டர்ஸ், ரேஞ்சர் பங்களா, மாட்டுக்காரர்களின் பழைய வீடுகள் எல்லாம் அதில் சேர்த்தி. நல்ல பெண். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சிரித்தாள். அது அவள் தாத்தா கம்பெனியில் அடித்தது.

வெள்ளைத்தாய் அவளுக்கு மோர் கொடுத்தாள். வீடு முழுக்கக் காட்டினாள். கடைசியாக, தொழுவின் நிலைக்கல்லுக்கு மேலே சாணியும் சுண்ணாம்பும் படிந்திருந்த இடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காட்டினாள். அங்கே எழுத்து இருந்தது. மாமனார் காட்டியது. என்ன எழுத்தென்று அவளுக்குத் தெரியாது. பிரீத்திகா செல்போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். கொல்லம் ஆண்டு ஆயிரத்து அறுபத்திரண்டு. இங்கிலீஷ் வருஷம் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு என்று கணக்குப் போட்டுவிட்டு அவள் வெள்ளைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். குவார்ட்டர்ஸைவிட இந்த வீடு இருபத்துநாலு வருஷம் மூத்தது என்றாள். இந்த மலையிலேயே பழைய வீடு இதுதான் என்றாள். இதை யாரும் இடிக்கவே முடியாது, நான் எழுதுகிறேன் என்றாள்.

வெள்ளைத்தாய்க்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

போகும் முன் பிரீத்திகா படம் எடுத்தாள். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. கொடியில் காயும் சேலைகள் கல்லை மறைத்தன, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வெள்ளைத்தாய் எடுத்தாள். பிறகு கட்டில். பிறகு தண்ணீர்க்குடங்கள், பிளாஸ்டிக் வாளி, காலண்டர். மாடுகளைக் கொஞ்ச நேரம் ஓடைப் பக்கம் பத்திவிட்டாள். அடுப்புப் புகை படத்தில் மங்கலாகத் தெரிகிறது என்றதும் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

“கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நின்னுக்கோங்கம்மா,” என்றாள் பிரீத்திகா. வெள்ளைத்தாய் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

அறிக்கை சிவகாசியிலேயே அச்சாகிப் புத்தகமாக வந்தது. அருள்பாண்டி ஒன்று கொண்டுவந்தான். வழவழப்பான தாள். குவார்ட்டர்ஸ் நாலு பக்கம், தாவளம் ஆறு பக்கம். வீடு அவ்வளவு அழகாக இருக்கும் என்று வெள்ளைத்தாய்க்கே தெரியாது. படத்துக்குக் கீழே இருந்ததை மகன் படித்துக் காட்டினான். மரபு மதிப்புள்ள கால்நடைப் பண்ணை வீடு. கட்டாயம் பாதுகாக்கப்பட வேண்டியது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. ‘குடியிருப்போர்: வனத்துறைப் பதிவேட்டின்படி எவருமில்லை.’

அருள்பாண்டி பிரீத்திகாவுக்குப் போன் போட்டான். அவள் வருத்தப்பட்டாள். குடியிருப்போர் என்ற கட்டத்தை ஆவணத்தைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், கண்ணால் பார்த்ததை வைத்து நிரப்பக் கூடாது என்பது விதி என்றாள். பதிவேடுகள் எல்லாவற்றையும் அவளே உட்கார்ந்து படித்தாளாம். ஒரு நாள்கூட விடுபடவில்லை, அவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை எங்கும் பார்த்ததில்லை என்றாளாம்.

அதோடு நிற்கவில்லை. குவார்ட்டர்ஸைப் பழுது பார்த்து, வெள்ளையடித்து, ஆந்தையை விரட்டி, பார்வையாளர் இடமாக்கினார்கள். தனுஷ்கோடியின் நோட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு அந்தக் காலத்துக் காட்டு வேலையைப் பற்றிப் பேச அவரையே அழைத்தார்கள். அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். தாவளத்துக்கு வருவது குறைந்தது.

விசாரணைக்குத் தேதி வந்ததும் வெள்ளைத்தாய் போன் செய்தாள். அவளிடம் இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

“நான் பாத்துக்கிடுதேன் மதினி. நீங்க தைரியமா வாங்க,” என்றார்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு அலுவலக மாடியில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேசினார். குரலை உயர்த்தாத மனிதர். மனுவைப் படித்தார். மேசைமேல் தனுஷ்கோடியின் நோட்டுகள் மஞ்சள் துணியில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். அவிழ்த்து, இங்கே ஒன்று அங்கே ஒன்றாகச் சில வரிகளைப் படித்தார். வருஷம் மாறியது, தேதி மாறியது. வரி மாறவில்லை.

தனுஷ்கோடி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பையில் இரண்டு பேனா. உங்கள் எழுத்துதானே என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். எழுதியது உண்மையா என்று கேட்டார்கள். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கொஞ்சம் பொறுத்துவிட்டு, பொய் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அதைத் தனியாக விசாரிக்க வேண்டிவரும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னார்.

“எழுதினது எழுதினபடிதான்யா,” என்றார் தனுஷ்கோடி.

வெள்ளைத்தாய் காத்திருந்தாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. ஆனால், என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தாள்.

“பகல்ல மாடு மேய்க்க வருவாக. பொழுது சாயவும் இறங்கிருவாக,” என்றார்.

முதலில் சொன்னதை அவள் மன்னித்திருப்பாள். பயம் யாருக்கும் வரும். இரண்டாவதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அவள் எழுந்தாள். அருள்பாண்டி அவள் கையைத் தொட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

“அய்யா, தொண்ணூத்தெட்டாம் வருசம் ஐப்பசி மாச நோட்ட எடுங்க. அவருக்கு மஞ்சக்காமாலை. பதினேழு நாள் எங்க வீட்டுலதான் கெடந்தாரு. கீழாநெல்லிய அரைச்சு மோருல கலக்கிக் குடுத்தேன். அந்த நோட்ட எங்க வீட்டுக்காரருதான் குவார்ட்டர்ஸ்ல இருந்து எடுத்தாந்து குடுத்தாரு. படுத்துக்கிட்டே எழுதினாரு. எழுத்தப் பாருங்க, தெரியும்.”

அதிகாரி தேடி எடுத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பதினேழு நாள் சிவப்புக் கோடு இல்லை. எழுத்து கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. வரி மட்டும் அதே வரி. அதிகாரி நோட்டைத் தனுஷ்கோடியின் பக்கம் திருப்பினார். அவர் குனிந்து அதை நிறைய நேரம் பார்த்தார். தன் எழுத்து அப்படிக் கோணிக் கிடப்பதைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்தது போலத் தெரிந்தது.

“காச்சல்தான்யா. குவார்ட்டர்ஸ்லதான் கெடந்தேன். நானே கஞ்சி வச்சுக் குடிச்சேன்,” என்றார்.

வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதருக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது. சிரித்தது அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவர்கள் பேசியது ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. பதினேழு நாளும் வாந்தியைக் கழுவி ஊற்றியது நினைவுக்கு வந்தது. பெத்தணன் அவரைத் தோளில் தாங்கி ஓடைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்ததும் நினைவுக்கு வந்தது. அவன் இருந்திருந்தால் இன்றைக்கு என்ன செய்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. இல்லாமல் போனது நல்லது என்று மட்டும் தோன்றியது.

படியில் தனுஷ்கோடி நின்றிருந்தார். அருள்பாண்டி கையை ஓங்கிக்கொண்டு போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மதினி, எனக்கு வேற வழியில்ல என்று அவர் சொன்னது கேட்டது. அவள் படியைப் பார்த்து இறங்கினாள்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. பதிவேட்டின்படி அங்கே ஆள் தங்கவில்லை. படத்திலும் குடியிருப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. தாவளம் என்ற சொல்லுக்கே தங்கிப்போகும் இடம் என்றுதான் பொருள். எனவே அது குடியிருப்பு ஆகாது. மனு தள்ளுபடி. கட்டடத்தைப் பழுது பார்த்துத் துறை பாதுகாக்கும்.

வீடு பிழைத்துக்கொண்டது. யாரும் அதை இடிக்கப்போவதில்லை. பிரீத்திகா சொன்ன சொல் தவறவில்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். நடுப்பகல். வெள்ளைத்தாய் கன்றுக்குக் குடித்தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது தனுஷ்கோடி ஏறி வந்தார். கீழே குவார்ட்டர்ஸ் வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறார். மேல்மூச்சு வாங்கியது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. வாசலுக்கு வந்து நின்றார். வழக்கமாக நேரே உள்ளே போகிறவர்.

வாங்க என்று அவள் சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. அவர் தொழுவின் கல்லில் உட்கார்ந்தார்.

சிக்கல் என்னவென்று அவரே சொன்னார். மனுவைத் தள்ளியது ஒரு பிரிவு. ஆட்களை வெளியேற்றுவது இன்னொரு பிரிவு. யாரை வெளியேற்றினாலும் அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்க வேண்டும். அது இல்லாமல் கட்டடத்தில் வேலை தொடங்க முடியாது. அவளுக்குப் பழக்கமான ஆள் யாராவது போய் வாங்கி வந்தால் நல்லது என்று யோசித்திருக்கிறார்கள். அவரை அனுப்பியிருக்கிறார்கள்.

“ஆளே தங்காத வீட்டுக்கு யாருகிட்டக் கையெழுத்து வாங்க வந்தீக?” என்று கேட்டாள்.

அவர் சிரிக்க முயன்றார். ஆபீஸ் என்றால் அப்படித்தான் என்றார். ஃபாரத்தை எடுத்து நீட்டினார். எல்லாம் நிரப்பித்தான் இருக்கிறது, நீங்கள் போட வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து என்றார். எங்கே என்று விரலால் காட்டினார். பேனாவைத் திறந்து கொடுத்தார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. ஃபாரத்தை வாங்கினாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நின்றபடியே படித்தாள். அவர் இரண்டு முறை குறுக்கிட்டு, இன்ன இன்னதுதான் எழுதியிருக்கிறது என்று சொல்லப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

எங்கோ வேறு மலைக்காக அச்சடித்த ஃபாரம். எல்லோருக்கும் ஒரே வாசகம். ‘பரம்பரையாகக் குடியிருந்துவரும் நான், என் முழு விருப்பத்தின் பேரில், மேற்படி வீட்டைவிட்டு வெளியேறச் சம்மதிக்கிறேன்.’ கோடிட்ட இடங்களில் நீல மை. வெள்ளைத்தாய், கணவர் பெயர் பெத்தணன், ஈச்சங்கானல் தாவளம். கீழே சாட்சியின் உறுதிமொழி. ‘மேற்படி நபர் மேற்படி வீட்டில் குடும்பத்துடன் குடியிருந்துவருவதை நான் நேரில் அறிவேன்.’ எத்தனை ஆண்டுகளாக என்ற கோட்டில், முப்பது ஆண்டுகளாக என்று எழுதியிருந்தது. அதன் கீழே தேதி. அதன் கீழே தனுஷ்கோடி, வனக்காப்பாளர், ஓய்வு. அடித்தல் திருத்தல் இல்லை. வெறுமையாக ஒரு கட்டத்தையும் விடவில்லை.

அவள் அந்த இடத்தை மறுபடியும் முதலில் இருந்து படித்தாள்.

“இது உங்க எழுத்துதானே சார்?” என்றாள்.

சார் என்று அவள் அவரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவர் அதைத்தான் முதலில் கவனித்தார். நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. கல்லைவிட்டு எழுந்து கையை நீட்டினார்.

“குடுங்க மதினி. அது தப்பான ஃபாரம். வேற கொண்டாரேன்.”

அவள் இரண்டடி பின்னால் போனாள். ஃபாரத்தை நாலாக மடித்தாள்.

அவர் பிடுங்கவில்லை. அதற்குத் துணிச்சலும் இல்லை, உடம்பும் இல்லை. மறுபடி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பென்சனை நிறுத்திவிடுவார்கள் என்றார். பொய்ப் பதிவேடு, பொய்ச் சாட்சி என்று இரண்டு கேஸ் ஆகும் என்றார். சாத்தூரில் மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள் என்றார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டதற்காகத்தானே அப்படி எழுதினேன், எனக்கு என்ன லாபம் என்றார். அது உண்மைதான். அவளுக்கும் தெரியும். உங்கள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன் என்றார். ஐப்பசிக் காமாலையைப் பற்றியும் பேசினார். அன்றைக்கு நீங்கள் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன் என்றார்.

வெள்ளைத்தாய் எல்லாவற்றையும் கேட்டாள். இந்தப் பேச்சில் எங்கேயாவது ஒரு வார்த்தை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. அவளே எடுத்துக்கொடுத்தாள்.

“அன்னைக்கு மாடியில வச்சுக் கேட்டாக. அப்ப இதச் சொல்லல. இன்னைக்கு இங்கன யாரும் இல்லாதப்பச் சொல்லுதீக. சரி, போகட்டும். நீங்களா அங்கன போயி, நான் சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வாங்க. இந்தக் காகிதத்த இப்பமே தந்துருதேன். எனக்கு எதுக்கு இது?”

தனுஷ்கோடி ஓடைப் பக்கம் பார்த்தார். அங்கே குவார்ட்டர்ஸின் புது ஓடு மரங்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், நாற்பது பேர், பேச வேண்டும் என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் காத்திருந்தாள். கன்று அவள் கையை நக்கியது. அடுப்பில் சோறு வெந்து வடிக்கிற பதத்தில் இருந்தது. இரண்டு பேருக்குக் காணும். அவள் உள்ளே போய் வடித்துவிட்டு வந்தாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீகளா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த ஒருவரை அவள் அப்படிக் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

வெயில் சரிய ஆரம்பித்ததும் தனுஷ்கோடி எழுந்தார். வரட்டுமா என்று கேட்டார். அவள் கன்றைத் தொழுவுக்குள் இழுத்துக் கட்டினாள். அவர் இறங்கினார். பாதை திரும்பும் இடத்தில் நின்று ஒருமுறை பார்த்தார்.

அவள் இன்னும் நாலு நாள் பார்த்தாள். எதற்கென்று மகனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே குவார்ட்டர்ஸில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மைக்கில் அவர் குரலும் கேட்டது. என்ன பேசினார் என்று விளங்கவில்லை. கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை மாடுகளைப் பக்கத்துத் தோப்புக்காரன் பாண்டிச்செல்வத்திடம் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். அருள்பாண்டி சிவகாசியிலிருந்து வந்து ஸ்டாண்டில் நின்றிருந்தான். வழியில் ஒரு கடையில் ஃபாரத்தை ஐந்து நகல் எடுத்தான். ஒன்று போதாதா என்று கேட்டாள். போதாதும்மா என்றான்.

அதே மாடி. அதே அதிகாரி. இன்றைக்கு அவர் மட்டும் இருந்தார். ஃபாரத்தை வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்து வந்தார். விசாரணையன்று எழுதிக்கொண்ட சாட்சியத்தைப் பிரித்து, ஃபாரத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் கீழும் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாத கையெழுத்து.

மனுவைத் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த மனிதரையும் அழைக்க வேண்டியிருக்கும், அது அவருக்கு நல்லதாக முடியாது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தேதி போட்டார். அவள் பெயரை எழுதினார். ஃபாரம் எப்படி அவள் கைக்கு வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“இந்தச் சாட்சி உங்களுக்கு என்ன வேணும்மா? சொந்தமா?”

அருள்பாண்டி அவளைப் பார்த்தான். கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தபடி போனது.

“இல்லய்யா. ஃபாரஸ்ட்காரரு,” என்றாள்.

அதிகாரி அதையே எழுதிக்கொண்டார்.